“எங்க வீட்டை எங்க வைக்க டீச்சர்?” - களிமண்ணில் தாமிரபரணியைச் செய்த ஐந்தாம் வகுப்பு!

பள்ளிக்கூட வராண்டாவில் பழைய தார்ப்பாய் ஒன்று விரிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஆறடி நீளத்துக்கு ஒரு ஊர். களிமண்ணில் குளத்துக் கரை, செங்கல் தூளில் ரோடு, தென்னந்தும்பில் வாழைத்தோட்டம். பிள்ளைகள் ஆளுக்கொரு காலித் தீப்பெட்டியை வீடாக்கி, கதவு, ஜன்னல் வரைந்து, அவரவர் தெருவில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிறுமி மட்டும் தன் தீப்பெட்டியைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.

“எங்க வீட்டை எங்க வைக்க டீச்சர்?”

“உங்க வீடு எங்க இருக்கோ அங்கதான்.”

“அங்க வேண்டாம் டீச்சர். மேட்டுல வச்சுக்கிறேன்.”

வராண்டா ஒரு நொடி அமைதியாகிறது. அவள் ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று அங்கிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தூத்துக்குடி மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கும் கடலுக்கும் இடையே இருக்கும் சின்ன ஊர் இது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து மக்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்தப் பகுதியில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. அன்று மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் இன்று இந்த ஐந்தாம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் குழந்தைகள் என்பதால் ஊர், பள்ளி, ஆட்களின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

சுவரில் ஓடிய ஆறு

இந்த மண் ஊர் உருவானதற்குக் காரணம், சமூக அறிவியல் வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி. சுவரில் தமிழ்நாடு மேப் தொங்குகிறது. ஆசிரியை தாமிரபரணியைக் காட்டி, மேற்கே பிறந்து கிழக்கே கடலில் கலக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“தண்ணி மேலருந்து கீழதான டீச்சர் வரும். இது எப்படி சைடுல போகுது?”

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. மற்ற பிள்ளைகளிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். பாதிப் பேருக்கு மேல், சென்னை உயரத்தில் இருக்கிறது, கன்னியாகுமரி பள்ளத்தில் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மேப்பில் வடக்கு மேல்பக்கம் இருப்பதால் வடக்கே இருப்பதெல்லாம் மேடு என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். ‘மேப்பின் மேல்பக்கம் வடக்கு’ என்ற கேள்விக்கு எல்லாரும் சரியாக விடை எழுதி மார்க் வாங்கியவர்கள்தான்.

மறுநாள் ஆசிரியை செய்த முதல் வேலை, மேப்பைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் விரித்ததுதான். வாசலில் சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்து, மேப்பின் கிழக்கைக் கிழக்கோடு பொருத்தி வைக்கச் சொன்னார். இப்போது கடல் மேப்பிலும் கிழக்கே இருந்தது, ஊருக்கும் கிழக்கே இருந்தது. ஆனால் மேப் தட்டையாகக் கிடந்ததால், மேடு எது, பள்ளம் எது என்று அதில் தெரியவில்லை. ‘அப்படின்னா மண்ணுல செஞ்சு பார்ப்போமா?’ என்று ஆரம்பித்தது இந்த வேலை.

எட்டு அடி கயிறு

முதலில் செய்தது ஊரை அல்ல, ஆற்றை. தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களைக் கடந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேரும் ஆறு.

128 கிலோமீட்டரை வராண்டாவுக்குள் எப்படிக் கொண்டுவருவது? ஒரு அடிக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 8 அடி கயிறு போதும் என்று கணக்கு வந்தது. ஆனால் 8 அடி கயிற்றை மேப்பில் இருப்பதுபோல வளைத்து வளைத்துப் போட்டதும் அது 6 அடிக்குள் அடங்கிவிட்டது. மீதி இரண்டடி எங்கே போனது என்று பிள்ளைகள் தேடினார்கள். வளைவுகளுக்குள்தான் ஒளிந்திருந்தது. ஆறு நேர்கோட்டில் ஓடுவதில்லை என்பதற்கு அதன்பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது மலை. பொதிகையின் உச்சி 1,860 மீட்டருக்கு மேல். அதே அளவுகோலில் கணக்குப் போட்டால் மலையின் உயரம் ஒன்றரை அங்குலம்கூட வரவில்லை. பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். ‘இவ்வளவுதானா மலை?’ என்று கேட்டார்கள். நாம் அண்ணாந்து பார்க்கும் மலைகூட, ஆறு ஓடும் தூரத்தோடு ஒப்பிட்டால் சின்ன மேடுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒன்றரை அங்குல மேட்டில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் மலையை மட்டும் ஒரு அடி உயரத்துக்குக் கூட்டிக் கட்டினார்கள். கூடவே ஒரு அட்டையில், ‘எங்கள் மலை நிஜத்தைவிட சுமார் எட்டு மடங்கு உயரமாகச் செய்யப்பட்டது’ என்று எழுதி ஒட்டினார்கள். பெரிய மியூசியங்களில் வைக்கும் நிலப்பட மாடல்களிலும் உயரத்தை இப்படிக் கூட்டித்தான் காட்டுகிறார்கள்.

கடையில் வாங்கியது கொஞ்சம்தான்

களிமண் குளத்திலிருந்து வந்தது. ஆற்று மணல் ஒரு வாளி. தேரிக்காட்டுப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கும் ஒரு மாணவன் செக்கச்செவேலென்று தேரி மணல் கொண்டுவந்தான். மலைக்காட்டுக்குத் தென்னந்தும்பு. அணைகளுக்கும் அணைக்கட்டுகளுக்கும் ஐஸ் குச்சி. கடலுக்குப் பழைய தாம்பாளம். மழைக்கு, மூடியில் ஊசியால் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில். வாங்கியது என்று பார்த்தால் துணிக்குப் போடும் நீலமும் கொஞ்சம் கோலப்பொடியும்தான்.

மலையில் காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளுக்கு மூன்று குச்சிகள். ஆற்றின் குறுக்கே இருக்கும் எட்டு அணைக்கட்டுகளுக்கு எட்டுக் குச்சிகள். கடைசிக் குச்சி ஸ்ரீவைகுண்டம். சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரியில் ஒரு கொடி. ஒவ்வொரு குச்சியையும் நடும்போது அந்த ஊரில் யாருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களோ அவர்தான் நட வேண்டும் என்று பிள்ளைகளே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். அம்பாசமுத்திரத்தில் அத்தை வீடு இருக்கும் ஒரு மாணவிக்கு அன்று ஒரே பெருமை.

முதல் மழை

மலை உச்சியில் பாட்டிலைக் கவிழ்த்ததும் தண்ணீர் களிமண்ணில் கோடு கோடாக இறங்கியது. சின்னக் கோடுகள் சேர்ந்து பெரிய கோடாகி ஆற்றுக்குள் விழுந்தன. ‘துணையாறு’ என்ற சொல்லுக்குப் புத்தகத்தில் இரண்டு வரி விளக்கம் இருக்கிறது. இங்கே அது நடந்து காட்டியது.

பிறகு ஒரு சோதனை. மலையின் ஒரு பாதியில் தென்னந்தும்பை அப்படியே விட்டு, மறுபாதியில் எடுத்துவிட்டு, இரண்டிலும் ஒரே அளவு மழை. தும்பு இருந்த பக்கம் தண்ணீர் மெதுவாக, ஓரளவு தெளிவாக வந்தது. தும்பு இல்லாத பக்கம் வேகமாக, மண்ணையும் சேர்த்துக் கொண்டுவந்தது. காடு ஏன் வேண்டும் என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை.

அந்தக் கலங்கல் தண்ணீர்தான் இன்னொரு பாடத்தையும் கொண்டுவந்தது. நாலைந்து முறை மழை பெய்ததும் தாம்பாளக் கடலின் ஓரத்தில் வண்டல் படிந்து புதிதாக ஒரு கரை உருவாகியிருந்தது. கடல் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது. கடலோரத்தில் அவர்கள் வைத்திருந்த சிப்பி இப்போது தரைக்குள் இருந்தது.

அப்போதுதான் ஆசிரியை கொற்கையைப் பற்றிச் சொன்னார். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம், கிரேக்கர்களின் பயணக் குறிப்புகளிலும் இடம்பெற்ற ஊர். இன்று அங்கே கடல் இல்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை கிழக்கே நகர்ந்து, கொற்கை சில கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. அதன்பிறகு காயல் துறைமுகம் செழித்தது. மார்க்கோ போலோ எழுதிய அந்தக் காயலும் இன்று நிலத்துக்குள்தான் இருக்கிறது. வகுப்பில் எல்லாரும் கொற்கை வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். துறைமுகத்தை எதற்கு வயலுக்கு நடுவே கட்டினார்கள் என்று இதுவரை யாரும் யோசித்ததில்லை.

கடுகு அளவு ஊர்

‘நம்ம ஊர் எங்க?’ என்ற கேள்வி வந்தே தீரும். வந்தது. ஒரு அடிக்கு 16 கிலோமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் அங்குலம். ஊர் முழுவதும் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிட்டது. வீடு வைக்க வேண்டுமென்றால் கடுகைவிடச் சின்னதாக ஏதாவது தேட வேண்டும். அதனால்தான் இரண்டாவது மாடல். இதில் ஒரு அடிக்கு 100 மீட்டர். வடக்கே ஆறு, தெற்கே குளம், நடுவில் தெருக்கள், கிழக்கே பள்ளிக்கூடம். இந்த அளவுக்குத் தீப்பெட்டி கொஞ்சம் பெரிய வீடுதான். யாரும் புகார் சொல்லவில்லை.

இந்த ஊரின் மேல் மழை பெய்ய வைக்கலாமா, வேண்டாமா என்பதில் ஆசிரியைக்கே தயக்கம் இருந்தது. கீழத்தெருச் சிறுமியின் குடும்பம் அன்று இரண்டு ராத்திரி பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் கழித்தது. அதன்பிறகு மழை இருட்டிக்கொண்டு வந்தாலே அவள் புத்தகப் பையைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிடுவாள் என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தார். ஆசிரியை முதலில் பெற்றோர்களிடம் கேட்டார். பிறகு பிள்ளைகளிடமே கேட்டார். பார்க்க விரும்பாதவர்கள் வகுப்புக்குள் போய்ப் படம் வரையலாம் என்றார். யாரும் போகவில்லை.

வீட்டை மேட்டில் வைக்கவா என்று கேட்ட சிறுமிக்கு அவர் சொன்ன பதில் இதுதான்: “வச்சுக்கோ. ஆனா அது உங்க வீடு இருக்கிற இடம் இல்ல. தண்ணி எப்படி வருதுன்னு பார்க்கணும்னா, வீடு அதோட இடத்துல இருக்கணும்.”

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கீழத்தெருவில் வைத்தாள்.

பின்பக்கமாக வந்த தண்ணீர்

பிள்ளைகள் முதலில் ஆற்றின் மேற்கு முனையில்தான் தண்ணீர் ஊற்றினார்கள். வெள்ளம் ஆற்றிலிருந்து வந்தது என்றுதான் அவர்கள் கேட்டிருந்தார்கள். ஆறு நிரம்பியது, ஆனால் அவர்கள் கட்டிய கரையைத் தாண்டிக் கீழத்தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை.

“அன்னைக்கு மழை மலையில மட்டுமா பெஞ்சுது?” என்று ஒருவன் கேட்டான். “நம்ம வீட்டு மேலயும்தான பெஞ்சுது!”

அந்தக் கேள்விதான் திருப்பம். 2023 டிசம்பரில் மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் கடலோரத்திலும்தான் வரலாறு காணாத மழை. ஊர் முழுக்க, குளத்தின் மேலும் சேர்த்து மூன்று பாட்டில்கள் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன. குளம் நிரம்பியது. உபரித் தண்ணீர் போக வேண்டிய மறுகாலில் கொஞ்சம் களிமண் அடைத்திருந்தது. கரையில், களிமண் போதாமல் மணலை வைத்து ஒப்பேற்றியிருந்த ஓரிடம் முதலில் கசிந்தது, பிறகு கரைந்தது, பிறகு உடைந்தது. தண்ணீர் வடக்கே ஆற்றைப் பார்த்து ஓடியது. வழியில் இருந்தது கீழத்தெரு. ஏழு தீப்பெட்டிகள் மிதந்தன.

யாரும் கை தட்டவில்லை. ஒரு மாணவன் மெதுவாகச் சொன்னான்: “எங்க ஆச்சி சொன்னாவ டீச்சர், தண்ணி முன்வாசல்ல வரலையாம். புறவாசல் வழியாத்தான் வந்துச்சாம்.”

அன்று சாயங்காலம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: ‘அன்னைக்குத் தண்ணீர் முதல்ல எந்தப் பக்கமிருந்து வந்தது?’ மறுநாள் வந்த பதில்களில் பெரும்பாலானவை, குளத்துப் பக்கம். ஊரே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தண்ணீர் முதுகுப் பக்கமாக வந்திருக்கிறது. அந்த வெள்ளத்தில் தென்மாவட்டங்களில் பல குளங்களின் கரைகள் உடைந்தன. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும்படி சங்கிலியாக அமைந்த குளங்களில், மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பது தாங்குவது கஷ்டம்.

கொத்தனார் குழாய்

‘அடுத்த தடவை வந்தா எங்க போகணும்?’ பிள்ளைகளின் அடுத்த கேள்வி. பள்ளிக்கூடம் என்றார்கள் எல்லாரும். பள்ளிக்கூடம் நிஜமாகவே மேடா? ஒரு மாணவனின் அப்பா கொத்தனார். கட்டட வேலையில் மட்டம் பார்க்கப் பயன்படும் தண்ணீர்க் குழாயோடு ஒரு சனிக்கிழமை வந்தார். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரம் தள்ளி நின்றாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். இரண்டு இடங்களில் எது மேடு, எது பள்ளம் என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்.

குழாயைப் பிடித்துக்கொண்டு கீழத்தெருவிலிருந்து பள்ளிக்கூடம் வரை இடம் இடமாக அளந்தார்கள். பள்ளிக்கூடப் படி, கீழத்தெரு வாசலைவிட மூன்றடி உயரத்தில் இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் தரைப்பாலம், கீழத்தெரு வாசலைவிட ஒன்றரை அடி பள்ளம். அதாவது, வாசலுக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், பாலத்தில் ஒன்றரை அடி தண்ணீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் வருமுன்பே கிளம்ப வேண்டும். இல்லையென்றால் வேறு வழி வேண்டும். அந்த வேறு வழியையும் அளந்து கண்டுபிடித்தார்கள். மேலத்தெரு வழியாகச் சுற்றிப் போனால் தூரம் அதிகம். ஆனால் எங்கேயும் பள்ளம் இல்லை. மாடலில் அந்த வழியைக் கோலப்பொடியால் வெள்ளைக் கோடாகப் போட்டார்கள்.

போர்ஷன் முடியுமா?

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. இரண்டு மாடல்களுக்கும் சேர்த்து மூன்று வாரம் ஆனது. ஆனால் அளவுகோல் கணக்கில் வந்தது. கரைதலும் படிதலும் அறிவியலில் வந்தது. பெரியவர்களிடம் கேட்டு எழுதியது தமிழில் வந்தது. தனித்தனியாக நடத்தினாலும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகியிருக்கும் என்கிறார் ஆசிரியை.

கையால் செய்து கற்பது புதிய யோசனையும் அல்ல. மாண்டிசோரி பள்ளிகளில் தீவு, ஏரி, தீபகற்பம், வளைகுடா ஆகியவற்றைத் தட்டுகளில் தண்ணீர் ஊற்றித்தான் குழந்தைகள் தெரிந்துகொள்கிறார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு தமிழகம் முழுக்கப் பரவியது. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் செயல்பாடுகளை நம்பித்தான் நடக்கிறது.

மாடலுக்கும் எல்லை உண்டு. மூன்று பாட்டில் தண்ணீர் நிஜ மழை ஆகாது. அடுத்த வெள்ளம் இதே வழியில்தான் வரும் என்று களிமண் சொல்லாது. இதைப் பிள்ளைகளிடம் ஆசிரியை திரும்பத் திரும்பச் சொல்கிறார். எச்சரிக்கை வந்தால், பெரியவர்கள் சொன்னால், உடனே கிளம்ப வேண்டும். மாடல் சொல்லித் தருவது, எந்த வழியில் கிளம்புவது என்பதை.

வீட்டிலும் செய்து பார்க்கலாம்

* அகலமான தட்டு அல்லது பிளாஸ்டிக் ஷீட் விரித்த அட்டைப்பெட்டி போதும். தெர்மாகோல் வேண்டாம், மண்ணில்தான் தண்ணீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.
* முதலில் திசை பாருங்கள். சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு. மாடலின் கிழக்கும் அந்தப் பக்கமே இருக்கட்டும்.
* உங்கள் தெருவைச் செய்யுங்கள். மழை பெய்யும்போது ஜன்னல் வழியே பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டால் மேடு, பள்ளம் தெரிந்துவிடும்.
* தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள்: இங்கே முன்பு குளமோ, ஓடையோ, வாய்க்காலோ இருந்ததா? அதையும் மாடலில் போடுங்கள்.
* கடைசியில் தண்ணீர் ஊற்றுங்கள். எந்த வீடு முதலில் நனைகிறது, ஏன் என்று குழந்தையே சொல்லட்டும்.
* நிஜக் குளம், ஆறு, வாய்க்கால் பக்கம் குழந்தைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் மாடலைக் கலைத்துக் களிமண்ணைக் குளத்திலேயே போட்டுவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. அடுத்த வருட ஐந்தாம் வகுப்பு மறுபடி எட்டு அடி கயிற்றிலிருந்து தொடங்கும். தீப்பெட்டி வீடுகளை மட்டும் அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

கீழத்தெருச் சிறுமி தன் வீட்டை எடுத்துப் போய்விட்டாள். மேலத்தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகும் அந்த வெள்ளைக் கோட்டையும் ஒரு தாளில் வரைந்து வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். இப்போதும் மழை இருட்டினால் பையைத் தூக்கிப் பரணில் வைக்கிறாளாம். வைத்துவிட்டு, குளத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்து பார்க்கிறாள் என்கிறார் அவள் அம்மா.